எழுதினவர் இப்போ இல்லைங்க

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டால் என்ன ஆகும் என்பதை உஸ்மான் ரோட்டில் நின்று பார்த்தவர்களைத்தான் கேட்கவேண்டும். கையில் நாலு புடவை, இடுப்பில் ஒரு குழந்தை, வாய் கொள்ளாத வசவு. ஒரு கவுண்டர் படுத்தால் பரவாயில்லை, பக்கத்துக் கவுண்டருக்கு நகரலாம். இது அப்படியில்லை. படுத்தால் கடை மொத்தமும் ஒரே நேரத்தில் படுக்கும். மூன்று மாடியிலும் ஸ்கிரீனெல்லாம் கறுத்து, மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். மறுபடி எழுப்பி உட்காரவைக்கக் கால் மணி நேரம் பிடிக்கும். எழுந்தது சாயங்காலம்வரை ஓடினாலும் ஓடும், அடுத்த நிமிஷமே படுத்தாலும் படுக்கும்.

ஊருக்குச் சென்னை என்று பேர் மாற்றிய வருஷம் அது. சாய்நாத் கம்பெனியின் புரோகிராம் ஓடிய அத்தனை கடையிலும் இதே கூத்து.

கம்பெனி என்றதும் கண்ணாடி மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடி. முதலாளி சாய்நாத்துக்கு மட்டும் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு அறை. மற்றவர்களுக்கு நீளமேஜை. வாசலை ஒட்டி டெலிபோன். அந்த டெலிபோனில் உட்கார்ந்திருந்தவள் ஜமீலுன்னிசா. அவள் புருஷன் கரீமுல்லாதான் அந்தப் புரோகிராமை எழுதியவன். பங்குனி வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில், சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக் குனிந்தவன் நிமிரவேயில்லை. நாற்பது வயசுகூட ஆகவில்லை. பாழாய்ப்போன மாரடைப்பு. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா முடிந்து அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததும் சாய்நாத்தே ஆள் அனுப்பிக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவள் காதில் என்னென்ன விழும் என்று அந்த நல்ல மனசு யோசித்துப் பார்க்கவில்லை.

ஸ்ரீரங்கன் காதிலும் எல்லாம் விழுந்தது. அவன் மேஜை டெலிபோனுக்கு அடுத்தது. மயிலாப்பூர்க்காரன், கரீமுல்லாவோடு ஏழெட்டு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவன். அவனை 'பாய்' என்பான், அவன் பெண்டாட்டியை 'பாபி' என்பான். இப்போது பாய் பார்த்த வேலையெல்லாம் இவன் தலையில்.

அன்றைக்குக் காலையில் வந்த முதல் போன் உஸ்மான் ரோட்டுக் கடை மேனேஜர் துரைராஜுடையது. ரிசீவரைத் தாண்டி அந்த ஆள் குரல் பாதி ரூமுக்குக் கேட்டது.

"இன்னாம்மா நெனச்சிக்கினு கீறீங்க? இங்க கூட்டம் அள்ளிக்கினு போவுது, உங்க மிஷின் பல்ல இளிச்சிக்கினு கீது! எவன்மா இத்த எழுதுனது? அவன இட்டாந்து என் முன்னால நிறுத்து!"

"அதை எழுதினவர் இப்போ இல்லைங்க" என்றாள் ஜமீலுன்னிசா. "சரி பண்ணிட்டிருக்காங்க."

இது சாய்நாத் சொல்லிக்கொடுத்த வாக்கியம். யார் கேட்டாலும் இதையே சொல்லும்மா, நல்ல பதில், அதுக்கு மேல யாரும் பேசமாட்டாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அட மனுஷா, யார் வாயால் எதைச் சொல்லச் சொல்கிறோம் என்று ஒரு கணம் நின்று யோசித்திருக்கக்கூடாதா? அவளும் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அதைச் சொன்னாள். குரல் பிசகாமல் சொன்னாள்.

ஆனால் அதோடு அவள் நிறுத்துவதில்லை. இதுதான் ஸ்ரீரங்கனை அறுத்தது. ரிசீவரை வாயோடு சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து, போனில் இருப்பவரிடம் மெதுவாக இன்னொன்றும் கேட்பாள்.

"அண்ணே, ஒரு உதவி. அவங்க மௌத்தாயிட்டாங்க. அவங்களால உங்களுக்கு நஷ்டம் வந்திருந்தா, மனசார மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சிலர் பதறிப்போய், ஐயோ விடும்மா, மன்னிச்சிட்டேன் என்பார்கள். சிலர் ஒன்றும் புரியாமல் போனை வைத்துவிடுவார்கள். துரைராஜ் விடுகிற ரகம் இல்லை.

"மன்னிச்சிட்டா பில்லு வந்துருமாம்மா? போம்மா!"

டொக்கென்று வைத்தான். அவள் ரிசீவரை வைத்துவிட்டு, ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினாள்.

"ரங்கன் சார், நீங்கதான் ஜனாஸாவை அடக்கம் பண்ண அன்னைக்கு வந்திருந்தீங்களே. பள்ளிவாசல்ல என் கொழுந்தன் எல்லார் முன்னாலயும் கேட்டாரு இல்ல, இவங்ககிட்ட யாருக்காவது கடனோ மனஸ்தாபமோ இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா மன்னிச்சிடுங்கன்னு."

"கேட்டார். வெளியில நின்னுண்டிருந்தேன். என் காதுல விழுந்தது."

"எல்லாரும் மன்னிச்சிட்டோம்னாங்க. அப்பாடா, அவங்க கணக்கு தீந்துச்சுன்னு இருந்தேன். அல்லாஹ்வுக்குப் பட்டதை அல்லாஹ் மன்னிப்பான் சார். மனுஷனுக்குப் பட்டதை அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். இப்ப இத்தனை கடைக்காரங்களுக்கும் அவங்களால நஷ்டம்னா, அவங்க அங்க எப்பிடி நிம்மதியா படுத்திருப்பாங்க?" குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே அவங்க எழுதினதுலதான் தப்பா?"

"பாத்துண்டிருக்கேன் பாபி" என்றான் ஸ்ரீரங்கன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். யூனிக்ஸ் என்கிற சிஸ்டத்தில் ஒரு புரோகிராம் செத்தால், சாகும்போது தன் மெமரியை அப்படியே ஒரு ஃபைலாகக் கொட்டிவிட்டுச் சாகும். அதைத் திறந்து பார்த்தால் கடைசியாக எந்த இடத்தில் மூச்சு நின்றது என்று தெரியும். கம்பெனியில் இதற்குப் பேரே போஸ்ட்மார்ட்டம். எந்தக் கடையின் பிணத்தை அறுத்துப் பார்த்தாலும் மூச்சு நின்ற இடம் பாய் எழுதிய பகுதியாகவே இருந்தது. புடவை விலையெல்லாம் பொதுமெமரி என்று ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும், எல்லாக் கவுண்டரும் அங்கிருந்துதான் விலையை எடுக்கும். அதை எடுக்கப் போன இடத்தில் செத்திருந்தது. விலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சைபர். காரணம் தெரியவில்லை.

சாய்நாத்துக்குக் காரணமெல்லாம் வேண்டியதில்லை. "கரீமுல்லா பண்ணிட்டுப் போன குளறுபடிப்பா இது" என்றார், வாசல்வரை கேட்கிற மாதிரி. "போயிட்டான். இருந்திருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிச்சிருப்பேன். தீபாவளி நேரத்துல எனக்குச் சோறு போடற கடைங்கள்ல மண்ணப் போட்டா சும்மா விடுவேனா?"

ஜமீலுன்னிசா டெலிபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் ஸ்ரீரங்கன் கை வைத்ததே கிடையாதா என்றால், வைத்தான். ஆடித் தள்ளுபடியில் பில் நகரமாட்டேன் என்கிறது என்று கடைக்காரர்கள் கத்தியதால், புரட்டாசி மந்தத்தில் அவன் ஒரு மாற்றம் செய்தான். அதுவரை ஒரே புரோகிராம்தான் எல்லாக் கவுண்டரையும் ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தது. இவன் அதைத் தாய் ஆக்கி, ஒவ்வொரு பில்லுக்கும் அது ஒரு பிள்ளையைப் பெற்று அனுப்புகிற மாதிரி எழுதினான். வேலை பறந்தது. சாய்நாத் முதுகில் தட்டிக்கொடுத்தார். சாவு ஆரம்பித்தபோது அவன் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். திருப்பித் திருப்பி ஓட்டிப்பார்த்தான். ஆபீசில் ஒரு தடவைகூடச் சாகவில்லை. அதோடு பாய் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவன் தொடவில்லை. கரீமுல்லா போனபிறகு அந்த ஆபீசில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: பாய் எழுதினதில் கை வைக்காதே. புதிதாக என்ன எழுதினாலும் பாயின் முதல் பத்தியை அப்படியே நகல் எடுத்து மேலே ஒட்டிக்கொண்டு, அதற்குக் கீழே எழுதுவார்கள். மரியாதை. பயமும்தான்.

சரி, ஆபீசில் சாகாதது கடையில்தானே சாகிறது, அங்கேயே போய் நிற்போம் என்று கிளம்பினான். துரைராஜ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "வா நைனா வா. உங்காளுங்களப் பாக்கத்தான் காத்துக்கினு கீறேன். இன்னிக்கும் படுத்துச்சு, உன்னைய இங்கியே பொம்மைக்குப் புடவை கட்ட வுட்ருவேன்." ஸ்ரீரங்கன் முதல் மாடியில் ஒரு கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கூட்டமென்றால் கூட்டம், மூச்சு விட முடியவில்லை. ஒரு அம்மாளும் பெண்ணும் வந்தார்கள். மாம்பழக் கலரில் ஒரு பட்டு. பில் பாதி போட்டாகிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண், இந்தக் கலர்ல நான் கல்யாணத்துக்கு நிக்கமாட்டேன், நீயே கட்டிக்கோ என்று மூக்கைச் சிந்தினாள். அம்மாள், நாலு மணி நேரமாத் தேடினேனேடி என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேண்டாம் சார், கேன்சல் பண்ணிடுங்க. பில் போடுகிறவர் கேன்சலைத் தட்டினார்.

மூன்று மாடியும் அணைந்தது.

கீழேயிருந்து துரைராஜ் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஸ்ரீரங்கனுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கேன்சல். ஆபீசில் எத்தனையோ பில் போட்டுப் பார்த்தான், ஒன்றையாவது கேன்சல் செய்தானா? பட்டுப்புடவை வாங்க வந்து மனசு மாறுகிற வேலை ஆபீசில் யாருக்கு இருக்கிறது? புரட்டாசியில் கடைக்கு வருகிறவர்களே கொஞ்சம், அவர்களில் கேன்சல் செய்கிறவர்கள் இன்னும் கொஞ்சம். ஒன்றிரண்டு தடவை படுத்ததைக் கரண்டு கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

எழுப்பி ஓடவிட்டார்கள். ஜனங்கள் அப்பாடா என்று மறுபடி நகர ஆரம்பித்தார்கள். ஸ்ரீரங்கன் கவுண்டர்காரரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தான். நிச்சயமாகத் தெரியவேண்டுமே. ஒரு கைக்குட்டைக்குப் பில் போட்டான். கேன்சலைத் தட்டினான்.

மறுபடி மூன்று மாடியும் அணைந்தது.

"டேய்!" என்று படியேறி ஓடிவந்தான் துரைராஜ். "நீயே கொன்ன! என் கண்ணால பாத்தேன், நீயேதான் கொன்ன!"

"ஆமா சார், நான்தான்" என்றான் ஸ்ரீரங்கன். அப்போது அவனுக்கே தெரியாது, எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்று.

மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, பாய் போனதிலிருந்து யாரும் வரிவரியாகப் படிக்காத அந்த முதல் பத்தியைத் திறந்தான். திறக்கும்போதே கை கூசியது. உள்ளே பாய் இருந்தான். பாயின் சுத்தம் இருந்தது. மனுஷன் ஆபீசை விட்டுக் கிளம்பும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, ஃபேனை அணைத்து, மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் செருப்பில் கால் நுழைப்பான். அப்படியே புரோகிராமும் எழுதியிருந்தான். இந்தப் புரோகிராம் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது தானாகவே ஒரு சின்னத் துண்டு ஓடவேண்டும் என்று சிஸ்டத்திடம் சொல்லிவைத்திருந்தான். அது பொதுமெமரியில் இருக்கிற விலையெல்லாவற்றையும் சைபரால் துடைத்து, இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். ராத்திரி கடை மூடும்போது ஒரு தடவை. எவ்வளவு ஒழுங்கு!

இந்த ஏற்பாட்டோடுதான் ஸ்ரீரங்கன் தாயைப் பிள்ளை பெறவைத்தான். தாயிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்கும் வரும், கிளம்பும்போது துடைக்கிற அந்தக் கட்டளை உள்பட. பில் ஒழுங்காக முடிந்தால் ஆபத்தில்லை. பிள்ளை அப்படியே பிரிண்டர் புரோகிராமாக மாறிவிடும், மாறும்போது பழைய கட்டளையெல்லாம் உதிர்ந்துபோகும். கேன்சலானால் அச்சடிக்க ஒன்றுமில்லை. பிள்ளை வேலை முடிந்ததென்று கிளம்பும். கிளம்பும்போது, பாய் சொன்னபடி, பொதுமெமரியைத் துடைத்துவிட்டுப் போகும். கடை நடுப்பகலில் ஓடிக்கொண்டிருக்கும், தாயும் மற்றப் பிள்ளைகளும் விலையைத் தேடி வந்து, சைபரில் கால் வைத்து, விழுந்து சாவார்கள்.

பிள்ளை கிளம்புகிற அந்த வரியை எழுதியவன் ஸ்ரீரங்கன். துடைக்காமல் சும்மா வெளியேறுவதற்கு இன்னொரு கட்டளை உண்டு. அது அவனுக்கும் தெரியும். அன்றைக்கு எழுதும்போது கை அங்கேதான் போனது. சே, பாய் இருந்தால் இப்படிப் போட்டது போட்டபடி போக விடுவானா, முறைப்படியே கிளம்பட்டும் என்று முறையான கட்டளையைப் போட்டான். பாய் மேல் இருந்த மரியாதையில் போட்டான். அந்த மரியாதை பாயைக் கல்லறையில்கூட விட்டுவைக்கவில்லை.

அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, பிள்ளையைத் துடைக்காமல் வெளியேற வைத்தான். ஓடவிட்டு, கவுண்டருக்குப் போய்க் கேன்சலைத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று தட்டினான், இன்னொன்று. கடை ஓடிக்கொண்டேயிருந்தது. துரைராஜ் அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, கலர் சோடா பாட்டில் ஒன்றை உடைத்துக் கையில் கொடுத்தான். "கில்லாடிப்பா நீ! செத்தவன் பண்ண கோளாற எப்டிக் கண்டுபுட்ச்ச பாரு!" ஸ்ரீரங்கன் அந்தக் கலரைக் குடித்தான்.

ஆபீசுக்கு வந்து நேரே சாய்நாத் அறைக்குள் போனான். வழியில் டெலிபோன் பக்கம் பார்க்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான், அதை அவனுக்காக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"சார், சரியாயிடுத்து. ஆனா பாய் பேர்ல தப்பே இல்லை. அவர் எழுதினப்போ அதுல பிள்ளையே கிடையாது. பெத்து விட்டவன் நான். தாய் உயிரோட இருக்கச்சயே பிள்ளை காரியம் பண்ணி முடிச்சுட்டுக் கிளம்பற மாதிரி ஆயிண்டிருந்தது. என் வரிதான் சார். என் தப்பு."

சாய்நாத் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். கத்துவார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று ஸ்ரீரங்கன் காத்திருந்தான். அவர் கத்தவில்லை.

"யார்கிட்டயெல்லாம் சொன்னே?"

"யார்கிட்டயும் இல்லை."

"நல்லதாப் போச்சு. உக்காரு." அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாக் கடைக்காரன்கிட்டயும் பாய் பேரைச் சொல்லியாச்சு. செத்தவன் மேல எவனும் பாய முடியாது, பல்லக் கடிச்சுக்கிட்டு விட்டுட்டான். இப்போ போய் இல்ல சார், உயிரோட இருக்கறவன்தான் பண்ணான், நாளைக்கு அவனேதான் உங்க கடைக்கு வருவான்னா, உள்ள விடுவானா? அவன் கெடக்கட்டும், நானே உன்னை வெச்சிருக்க முடியுமா? பாய்க்கு இனிமே என்னப்பா? வேலை போகுமா? வீட்டுக்குத்தான் அனுப்ப முடியுமா?"

"பாபி வெளியில உக்காந்துண்டு..."

"அந்தம்மாவுக்கு நான் இருக்கறவரைக்கும் வேலை உண்டு. சத்தியமா. வேற என்ன வேணும் அவங்களுக்கு?"

வேறென்ன வேண்டும் என்று ஸ்ரீரங்கனுக்குத் தெரியும். அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயில், வேலை போகவில்லை என்கிற ஆறுதல்தான் முதலில் வந்து உட்கார்ந்தது. வெட்கங்கெட்ட மனசு! நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததே என்று அருவருப்பாகவும் இருந்தது. "சரி சார்" என்றான்.

வெளியே வந்தான். ஜமீலுன்னிசா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மாதக்கணக்கில் பார்க்காத ஒரு தெளிவு அவள் முகத்தில் இருந்தது.

"துரைராஜ் அண்ணன் போன் பண்ணாரு சார். கேன்சல் எத்தனை போட்டாலும் ஓடுதாம். அவங்க தப்ப நீங்க கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டீங்களாம். நான் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை அவரே மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டாரு." கண்ணைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள். "போனை வெச்சவங்ககிட்டயும் மறுபடி கேட்டுட்டேன், எல்லாக் கடைக்காரங்களும் சொல்லிட்டாங்க சார். யாரும் பாக்கியில்ல."

"பாபி" என்றான் ஸ்ரீரங்கன். இதோ, இப்போது சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. அவர் பண்ணலை. இந்த இரண்டு வார்த்தைக்கு அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள். மன்னிப்பே வேண்டாத மனுஷனுக்காக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டேனே என்று அழுவாள், சிரிப்பாள். அப்புறம் அவனைப் பார்ப்பாள். ரங்கன் சார், அப்ப யாரு பண்ணது என்று கேட்பாள்.

கண்ணாடிக்குப் பின்னால் சாய்நாத் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்தான் பாக்கி" என்றாள் ஜமீலுன்னிசா. "அவங்களால ரொம்பக் கஷ்டப்பட்டது நீங்கதான் சார். சோறு தண்ணி இல்லாம அலைஞ்சீங்க. அவங்க உங்களக் கூடப்பொறந்தவன் மாதிரி நெனச்சாங்க, அதனால உங்ககிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும். மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க."

"அதெல்லாம் எதுக்கு பாபி..."

"இல்ல சார். வாயால சொல்லணும். அவங்க பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

அவள் இரண்டு கையையும் விரித்து, துஆ கேட்கிற மாதிரி, காத்துக்கொண்டு நின்றாள்.

"கரீமுல்லாவை நான் மன்னிச்சுட்டேன்" என்றான் ஸ்ரீரங்கன்.